அடிஸ் அபாபாவில் இணை இயக்குநர் கிடையாது

சங்ககிரியில் பஸ் ஏறி, திருச்செங்கோடு வழியாக நாமக்கல் போகிறவரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். கோழிப்பண்ணை எத்தனை, கல்லூரி எத்தனை என்று. இரண்டுமே மேட்டாங்காட்டில் நீளநீளமான கட்டடங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சில இடங்களில் சட்டென்று வித்தியாசம் தெரியாது. (கோழிப்பண்ணைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

அந்தக் கல்லூரிகளில், அதுவும் இன்ஜினீயரிங் கல்லூரி என்றால், 'சயின்ஸ் அண்ட் ஹியூமானிடீஸ்' என்று ஒரு துறை இருக்கும். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரிக்காரர்களோடு ஓரமாக நாலைந்து இங்கிலீஷ்காரர்கள். முதல் வருடப் பையன்களுக்கு மட்டும் பாடம். மற்ற நேரத்தில் ஆண்டு மலருக்குப் புரூஃப் பார்ப்பது, விழாவில் தொகுத்து வழங்குவது, சேர்மனுக்கு வரவேற்புரை எழுதுவது. மே மாதம் வந்தால் கிராமம் கிராமமாகப் போய், "ஏனுங்க, பையனை எங்க சேர்க்கறதா இருக்கீங்க?" என்று அட்மிஷனுக்கு ஆள் பிடிப்பது. நீங்கள் அந்த நாலைந்து பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எம்.ஏ., எம்.ஃபில். முடித்துவிட்டீர்கள். பிஹெச்.டி. ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது ஓடாமல் நின்றிருக்கிறது. கையில் வாங்குகிற சம்பளத்தை, பேட்டாவோடு சேர்த்து வாங்குகிற லாரி டிரைவரிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்போது ஒருவர் சொல்கிறார்: "எத்தியோப்பியாவுல கூப்பிடறாங்க சார். யுனிவர்சிட்டி லெக்சரர். டாலர்ல சம்பளம். மூணு வருஷம் இருந்துட்டு வந்தா யுனிவர்சிட்டி எக்ஸ்பீரியன்ஸ். அப்புறம் இங்க எங்க வேணா போலாம்."

இந்த ஐந்து வாக்கியங்களில் முதல் மூன்றைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. நான்காவதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். 'யுனிவர்சிட்டி எக்ஸ்பீரியன்ஸ்' என்றால் என்ன? ரேஷன் கார்டு மாதிரி கையில் வைத்துக்கொண்டு காட்டுகிற சமாசாரமா, இல்லை உடம்புக்குள் ஏறுகிற சமாசாரமா?

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலைக்குப் போன பையன்களை உங்களுக்குத் தெரியும். பத்தாவது ஃபெயிலாகி, வண்டியோடு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று அலைந்து, இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்புகிறான். எந்தப் பாறையில் தண்ணீர் வரும், எந்த இடத்தில் பிட் உட்கார்ந்துவிடும் என்று அவனுக்குச் சத்தத்தை வைத்தே தெரிகிறது. யாரும் அவனிடம் சர்டிபிகேட் கேட்பதில்லை. கடல் தாண்டிப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிற நம் லெக்சரருக்கு அப்படி என்ன தெரிகிறது?

கொஞ்சம் பின்னணி பார்த்துவிடலாம். ஆளே இல்லாத இடத்துக்குத்தான் ஆள் எடுப்பார்கள். எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாசி மன்னர் காலத்திலேயே இந்தியப் பள்ளிக்கூட வாத்தியார்கள், முக்கியமாக மலையாளிகள், போய்விட்டார்கள். அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து பாடமொழி ஆங்கிலம். 2000-த்துக்குப் பிறகு அந்த அரசு பல்கலைக்கழகங்களை மளமளவென்று திறந்தது. விரல் விட்டு எண்ணும்படி இருந்தவை 2010-களில் முப்பதைத் தாண்டின. கட்டடம் கட்டிவிடலாம், வாத்தியாரை எங்கே கட்டுவது? இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள்.

லிபியா கதை இன்னும் விசித்திரம். 1986-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்ட கோபத்தில் கடாஃபி பள்ளிகளில் ஆங்கிலத்தையே நிறுத்திவிட்டார். பல வருடம் கழித்துத் தடையை எடுத்தபோது, ஆங்கிலம் படிக்காத ஒரு தலைமுறை பல்கலைக்கழக வாசலில் நின்றது. சொல்லிக்கொடுக்க உள்ளூரில் ஆள் போதவில்லை. ஒரு தலைவரின் கோபம் நம் ஊர் எம்.ஏ.க்காரருக்கு வேலையாக வந்து சேர்ந்தது.

ஓமனில் வேறு மாதிரி. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில். பள்ளி முடித்து வருகிற பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த ஆங்கிலம் போதாது. அதனால் பட்டப்படிப்புக்கு முன்னால் ஃபவுண்டேஷன் கோர்ஸ். 2008-ல் அதற்குத் தேசிய அளவில் தரமே வகுத்தார்கள். நிஸ்வா, இப்ரி, சலாலா என்று தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஆங்கில மையங்கள். இந்தியர், பிலிப்பைன்ஸ்காரர், பிரிட்டிஷ்காரர் எல்லாரும் ஒரே ஸ்டாஃப் ரூமில். 2020-ல் அந்தக் கல்லூரிகளையெல்லாம் சேர்த்து ஒரே பல்கலைக்கழகமாக ஆக்கிவிட்டார்கள். ஆக, 2019-ல் கல்லூரி லெக்சரராக இருந்தவர் மறு வருடம் அதே நாற்காலியில் பல்கலைக்கழக லெக்சரர். முதல் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. பெயர்ப்பலகை மாறினால் அனுபவம் மாறிவிடுமா?

இப்போது சர்டிபிகேட் விஷயத்துக்கு வருவோம். உங்களை உள்ளே இழுப்பது அதுதானே.

நம் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு டி.ஆர்.பி. 2013-ல் 1,093 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோது எழுத்துத் தேர்வு கிடையாது. மொத்தம் 34 மார்க். அதில் கற்பித்தல் அனுபவத்துக்கு மட்டும் 15. வருடத்துக்கு இரண்டு மார்க் வீதம் ஏழரை வருடம். பிஹெச்.டி.க்கு 9. இன்டர்வியூவுக்கு 10. 2019 அறிவிப்பிலும் இதே கணக்குதான். பாருங்கள், ஏழரை வருடம் வகுப்பில் நின்றதற்கு 15, நாலைந்து வருடம் ஆராய்ந்ததற்கு 9. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நம் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள், குறைந்த சம்பளமானாலும் பரவாயில்லை, வருடம் ஓடட்டும் என்று சுயநிதிக் கல்லூரிகளில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அனுபவச் சான்றிதழில் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் மேலொப்பம் வைக்க வேண்டும்.

அடிஸ் அபாபாவில் மண்டல இணை இயக்குநர் கிடையாது. ஜிம்மாவிலும் கிடையாது.

யு.ஜி.சி. கொஞ்சம் பரந்த மனசுக்காரர். 2010 விதிகளிலும் 2018 விதிகளிலும், முந்தைய பணி 'உள்நாடானாலும் வெளிநாடானாலும்' கணக்கில் வரும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் கூடவே வால்: தகுதி யு.ஜி.சி. சொன்னதற்குக் குறையக் கூடாது, பதவி சமமானதாக இருக்க வேண்டும், முறைப்படி தேர்வு நடந்திருக்க வேண்டும். தற்காலிகப் பணி என்றால், வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியர் சம்பளத்துக்குக் குறையக் கூடாது என்று 2018 விதி சொல்கிறது. இந்தக் கடைசி வாலைப் பிடித்துப் பார்த்தால் வேடிக்கை. டாலரில் வாங்கியவர் அதில் தப்பித்துவிடலாம். ராசிபுரத்தில் சொற்பத்துக்கு உழைத்தவர் மாட்டிக்கொள்வார். குறைவாகச் சம்பளம் கொடுத்தது கல்லூரி. அனுபவம் செல்லாமல் போவது வாத்தியாருக்கு. யோசித்துப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சமமான பதவி என்ற வாலும் சாதாரணமில்லை. அங்கே உங்களுக்குக் கொடுக்கிற பெயர் 'இன்ஸ்ட்ரக்டர்' என்று இருக்கலாம், 'இங்கிலீஷ் டீச்சர்' என்று இருக்கலாம், 'லெக்சரர்' என்று இருக்கலாம். வேலைக்கு எடுத்தது பல்கலைக்கழகமா, அதற்கு ஆள் சப்ளை செய்கிற கம்பெனியா? கம்பெனி என்றால் உங்கள் சர்டிபிகேட்டில் இருக்கப்போவது கம்பெனியின் லெட்டர்ஹெட். வளைகுடாவில் பாதிப் பேர் இதைக் கடைசி மாதம்தான் கவனிக்கிறார்கள்.

எத்தியோப்பியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு உபரித் தமாஷ் உண்டு. அவர்கள் காலண்டர் நம்முடையதைவிட ஏழெட்டு வருடம் பின்னால் போகிறது. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். இரண்டாயிரமாவது ஆண்டை அவர்கள் கொண்டாடியது 2007 செப்டம்பரில். கடிகாரமும் அப்படித்தான், விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள். 'வகுப்பு இரண்டு மணிக்கு' என்றால் காலை எட்டு மணி என்று அர்த்தம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குச் சாவகாசமாகப் போனீர்களானால் வகுப்பு தொடங்கி ஆறு மணி நேரம் ஆகியிருக்கும். உங்கள் நியமன ஆணையில் எந்தக் காலண்டர் தேதி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2008-ல் போய்ச் சேர்ந்தவர் கையில் 2000-ம் ஆண்டு நியமனம் இருந்தால், இங்கே சர்டிபிகேட் சரிபார்க்கிறவருக்கு அதை விளக்கிச் சொல்ல உங்களுக்கு இன்னொரு பிஹெச்.டி. தேவைப்படும்.

தமாஷ் இல்லாத பக்கமும் இருக்கிறது. 2011 பிப்ரவரியில் லிபியா பற்றி எரிந்தது. இந்திய அரசு கப்பலும் விமானமும் அனுப்பி ஆட்களை மீட்டது. வந்தவர்களில் பல்கலைக்கழக ஆசிரியர்களும் உண்டு. 2015-ல் ஏமன். 'ஆபரேஷன் ராஹத்'தில் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பினார்கள். 2020 நவம்பரிலிருந்து இரண்டு வருடம் எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் போர். மெகெல்லே என்ற பெரிய பல்கலைக்கழக நகரமே துண்டிக்கப்பட்டது. 2023-ல் சூடான். கையில் ஒரு பையோடு கப்பல் ஏறுகிறவர், ரிஜிஸ்ட்ராரிடம் போய் அனுபவச் சான்றிதழ் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் சங்கடம். திரிபோலியில் இருந்த அல் ஃபாத்தே பல்கலைக்கழகம் இன்றைக்குத் திரிபோலி பல்கலைக்கழகம். பெங்காசியின் கார்யூனிஸ் பல்கலைக்கழகம், பெங்காசி பல்கலைக்கழகம். கடாஃபி போனதோடு அவர் காலத்துப் பெயர்களும் போய்விட்டன. உங்கள் சான்றிதழில் இருக்கிற பல்கலைக்கழகம் உலகத்தில் இல்லை. அது உண்மைதானா என்று கேட்டு இங்கிருந்து கடிதம் போட்டால், பதில் போட யார் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

"சரி சார், சர்டிபிகேட்டை விடுங்க. உள்ள ஏறுகிற அனுபவம்?"

இங்கேதான் என் விமர்சனம் நம் எம்.ஏ. பாடத்திட்டத்தின் பக்கம் திரும்புகிறது. சாசரில் தொடங்கி, ஷேக்ஸ்பியர், மில்டன் என்று இறங்கி, இருபதாம் நூற்றாண்டில் வந்து மூச்சு வாங்குவோம். நடுவில் மொழி கற்பித்தல் பற்றி ஒன்றோ இரண்டோ பேப்பர். அதையும் நோட்ஸ் வாங்கித்தான் எழுதுவோம். நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளில் ப்ளஸ் டூ இங்கிலீஷை எப்படி மனப்பாடம் செய்தோமோ, அதே முறையில்.

இப்படித் தயாரானவர் நம் ஊர் வகுப்பில் என்ன செய்கிறார்? ஒரு வரி வாசிக்கிறார். தமிழில் அர்த்தம் சொல்கிறார். அடுத்த வரி. அர்த்தம். மணி அடிக்கிறது. நான் தமிழில் சொல்வதைக் குறை சொல்லவில்லை, அது நல்ல ஊன்றுகோல். ஆனால் ஊன்றுகோல் மட்டுமே நடந்துகொண்டிருந்தது, கால் நடக்கவில்லை என்பது, கோலைப் பிடுங்கினால்தான் தெரியும்.

இப்ரியில் பிடுங்கிவிடுவார்கள். எதிரே முப்பது ஓமானியப் பையன்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு அரபி தெரியாது. மில்டன் உதவிக்கு வர மாட்டார். 'நேற்று நீ எங்கே போனாய்' என்பதை அந்தப் பையன் சொந்தமாகச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்ல வைக்க வேண்டும். படம் வரைய வேண்டும், நடித்துக் காட்ட வேண்டும், கேள்வியை மூன்று விதமாக மாற்றிக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். (கடைசியதுதான் நமக்கு ரொம்பக் கஷ்டம்.) பல பேர் 'பல்கலைக்கழகம் என்று சொல்லிவிட்டு எல்.கே.ஜி. பாடம் நடத்தச் சொல்கிறார்களே' என்று அவமானப்படுகிறார்கள். அவமானப்பட வேண்டிய விஷயமே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆங்கிலம் 'சொல்லிக்கொடுக்க' ஆரம்பித்திருக்கிறீர்கள். அந்த ஆறு மாதத்தில் வருவதுதான் அனுபவம். அது எந்த சர்டிபிகேட்டிலும் ஏறாது.

இதற்குப் பயந்து சிலர் முன்கூட்டியே செல்ட்டா படிக்கப் போகிறார்கள். கேம்பிரிட்ஜ் சான்றிதழ். நாலு வாரம், 120 மணி நேரம், அதில் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். பணம் லேசில்லை. நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே 'டாஸ்க்' வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு முறையைப் பிரமாதமாகக் கற்றுத் தருவார்கள். அது எங்கே பிறந்தது தெரியுமா?

இங்கேதான். என்.எஸ்.பிரபு என்பவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்தார். 1979-லிருந்து 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் என்று சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணம் சொல்லித்தர மாட்டோம், மனப்பாடம் கிடையாது. பையனிடம் ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து ஒரு புதிரை அவிழ்க்கச் சொல்வோம், அவிழ்க்கிற வேகத்தில் மொழி தானாக உள்ளே போகும் என்பது அவர் கணக்கு. ஏற்காடு எக்ஸ்பிரஸைத் தவறவிட்டவன் காலையில் சென்னை போய்ச் சேர வேறு என்ன வழி என்று சேலத்துப் பையனிடம் கேட்கிற மாதிரி. 1987-ல் அவர் எழுதிய புத்தகத்தை உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் வாசிக்கிறார்கள். பிரபு பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். கவனியுங்கள், அனுபவம் தேடி அவர் வெளிநாடு போகவில்லை. இங்கே கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்.

இன்னொருவர் சுரேஷ் கனகராஜா. 1984-லிருந்து 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். வெளியே போர். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு அமெரிக்காவில் அச்சடித்த ஒரு பாடப்புத்தகம். அதை அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள, புத்தக ஓரங்களில் அவர்கள் கிறுக்கி வைத்திருந்ததை அவர் உட்கார்ந்து வாசித்தார். சினிமா, காதல், போராட்டம், படத்தில் இருக்கும் அமெரிக்கர்களுக்கு மீசை என்று மாணவர்களின் தனி உலகமே அங்கே ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியார் நடத்தியது ஒரு பாடம், ஓரத்தில் நடந்தது வேறு பாடம். 1999-ல் அதைப் புத்தகமாக்கினார். இன்று அமெரிக்காவில் பெயர் பெற்ற பேராசிரியர். ஓரக் கிறுக்கல் நம் ராசிபுரம் பையன் நோட்டிலும் இருக்கிறது. நாம் அதைப் பார்த்தால் ஃபைன் போடுகிறோம்.

இவ்வளவு பேர் நம் மண்ணில் யோசித்திருந்தும், உலகச் சந்தையில் நமக்கு இன்னும் ஓரத்து நாற்காலிதான். கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான வழக்கமான விசா ஏழே நாட்டுக்காரர்களுக்கு. அதில் இந்தியா இல்லை. 2010-ல் அமலுக்கு வந்த இந்திய–கொரிய ஒப்பந்தத்தில் நம் ஆட்களுக்குப் பள்ளிகளில் உதவி ஆசிரியராகப் போக ஒரு சின்னக் கதவு திறந்தது, அவ்வளவுதான். சீனாவிலும் தாய்மொழிக்காரருக்குத்தான் முதல் மரியாதை. டெக்ஸாஸில் பிறந்து எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் சரி, பட்டம் வாங்கிய பையன் போகலாம். இருபது வருடம் வகுப்பில் நின்ற சேலத்து அம்மா போக முடியாது. இதை 'தரம்' என்று சொல்கிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

அம்மா என்று சொன்னதும் ஒன்று. நம் பக்கத்துக் கல்லூரிகளில் இங்கிலீஷ் துறையில் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் வெளிநாட்டு இன்டர்வியூ என்றால் கேள்வி வீட்டுக்காரரிடம் போகிறது. "தனியா எப்படிங்க அனுப்பறது?" போன பெண்கள் நன்றாகவே சமாளித்திருக்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் குடும்ப விசாவும் வீடும் தருகின்றன. கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கணவர் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போவாரா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு யு.ஜி.சி. விதி இல்லை.

ஆக, போகலாமா? போங்கள். டாலருக்காகப் போங்கள், ஊன்றுகோலைத் தொலைப்பதற்காகப் போங்கள். ஆனால் அங்கே ஒரு நோட்டுப் போட்டு, எந்தப் பாடம் எங்கே படுத்தது, எந்தக் கேள்விக்குப் பையன் வாயைத் திறந்தான் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, கால அட்டவணை மூன்றையும் மாதாமாதம் நகல் எடுத்து ஊருக்கு அனுப்புங்கள். அனுபவச் சான்றிதழைக் கடைசியில் வாங்கலாம் என்று இருக்காமல், ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் ஒன்று கேட்டு வாங்குங்கள். அங்குள்ள நம் தூதரகத்தில் சான்றொப்பமும் பெற்றுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன், ஏஜென்ட் வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1978-லிருந்து தமிழக அரசே சென்னையில் ஒரு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது, அங்கேயும் பதிந்து வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் பத்தாவது மார்க்ஷீட்டிலிருந்து எம்.ஃபில். வரை எல்லா ஒரிஜினலும் இப்போது எங்கே இருக்கிறது? வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் கல்லூரி ஆபீஸில் வாங்கி பீரோவில் பூட்டினார்களே, அங்கேதானே? அப்படிப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. எழுத்தில் கேளுங்கள், நகலில் சீல் வாங்குங்கள். அட்மிஷன் சீசன் ஆரம்பிப்பதற்குள் கேட்டுவிடுங்கள். மே மாதம் வந்துவிட்டால் ஆபீஸில் யாரையும் பிடிக்க முடியாது. நீங்களும் கிராமத்தில் இருப்பீர்கள்.